ஓவியரிடம் கேட்க நினைப்பவை: கண்காட்சி, வகுப்பு, ஆர்டர் பற்றிய கேள்வி பதில்கள்

நான் மலேசியாவின் பினாங்கில் முழுநேரமாக ஓவியம் வரைபவள். ஜார்ஜ் டவுனில் ஒரு பழைய கடைவீட்டின் மாடியில் வரைகிறேன். சனி, ஞாயிறுகளில் அங்கேயே வகுப்பும் நடக்கிறது. கண்காட்சிக்கு வருபவர்கள், பிள்ளைகளைக் கொண்டுவந்து விடும் பெற்றோர்கள், வீட்டுக்குப் படம் கேட்டு அழைப்பவர்கள் எல்லோருமே ஏறக்குறைய ஒரே சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். அவற்றை அவர்கள் கேட்ட மாதிரியே எழுதிப் பதில் சொல்லியிருக்கிறேன். பணம், காலக்கெடு, உரிமை பற்றிப் பேச நம் மக்கள் கூச்சப்படுகிறார்கள். கூச்சத்தில் பேசாமல் விட்டது பிறகு மனக்கசப்பாக வந்து நிற்கிறது. அதனால் அந்தப் பகுதிகள் மட்டும் கொஞ்சம் நீளமாக இருக்கும்.

கண்காட்சிக்கு டிக்கெட் வாங்கணுமா? எதையும் வாங்காம சும்மா பார்த்துட்டுப் போகலாமா?

தாராளமாகப் போகலாம். தனியார் கூடங்களில் பெரும்பாலும் கட்டணம் கிடையாது. ஜாலான் குருத்வாராவில் பழைய பேருந்துப் பணிமனையாக இருந்து 2014-இல் கலைவெளியாக மாறிய ஹின் பஸ் டிப்போவுக்குள் யாரும் நேராக நுழையலாம். கோலாலம்பூரில் 2015-இல் திறந்த இல்ஹாம் கேலரியும் அப்படித்தான். வேலை முடிந்து சீருடையோடு வந்தாலும், கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தாலும் யாரும் ஒன்றும் சொல்லப்போவதில்லை.

லிட்டில் இந்தியாவில் கடை வைத்திருப்பவர்களே அடுத்த தெருவில் நடக்கும் கண்காட்சிக்குள் நுழையத் தயங்குவதைப் பார்க்கிறேன். அது பணக்காரர்களுக்கான இடம் என்ற எண்ணம் இன்னும் போகவில்லை. வருபவர்களில் படம் வாங்குபவர்கள் எப்போதுமே குறைவுதான். பார்க்க ஆள் வந்தால்தான் எங்களுக்கும் வரைந்ததற்கு அர்த்தம் இருக்கிறது.

படம் புரியலன்னா கேட்கலாமா? தப்பா நினைப்பாங்களா அக்கா?

கேளுங்கள். ஓவியர் அங்கே இருந்தால் அவரிடமே கேளுங்கள். "இது என்ன?" என்று கேட்பதைவிட "இதை ஏன் வரையத் தோணுச்சு?" என்று கேட்டால் நல்ல பதில் கிடைக்கும். படத்துக்குப் பக்கத்தில் உள்ள சிறு அட்டையையும் படியுங்கள். தலைப்பு, வரைந்த ஆண்டு, எந்த வண்ணம், எதன்மேல் வரைந்தது, அளவு எல்லாம் அதில் இருக்கும். அளவில் முதலில் வருவது உயரம், அடுத்தது அகலம். வீட்டுச் சுவருக்குக் கணக்குப் போடுபவர்கள் இதை மாற்றிப் படித்துவிடுவது உண்டு.

சில படத்துக்குப் பக்கத்துல சிவப்புப் புள்ளி ஒட்டியிருக்கே, அது என்ன?

விற்றுவிட்டது என்று அர்த்தம். ஆனாலும் கண்காட்சி முடியும்வரை படம் சுவரில்தான் இருக்கும், வாங்கியவர் கடைசி நாளுக்குப் பிறகு எடுத்துச் செல்வார். வேறு நிறப் புள்ளியோ பாதிப் புள்ளியோ இருந்தால் யாரோ பேசி வைத்திருக்கிறார்கள் என்று பொருள். கூடத்துக்குக் கூடம் இது மாறும், அங்கிருப்பவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

சமீபத்துல என்ன வரைஞ்சீங்க? எங்க வெச்சீங்க?

கடைசியாக ஜார்ஜ் டவுனில் ஒரு குழுக் கண்காட்சியில் வண்ணாந்துறைப் படங்களை வைத்தேன். ஆயர் ஈத்தாம் ஆற்றோரம் தமிழ்ச் சலவைத் தொழிலாளர்கள் குடியேறிய இடம் அது. டோபி காட் என்றால் பினாங்கில் எல்லோருக்கும் தெரியும். கொடியில் வரிசையாகக் காயும் வெள்ளைத் துணிகளைத்தான் திரும்பத் திரும்ப வரைந்தேன். வெயிலில் காயும் வெள்ளைத் துணியில் சுத்தமான வெள்ளை மிகக் கொஞ்சம்தான். மடிப்பின் நிழலில் வானத்து நீலம் ஏறும். கீழே புல் இருந்தால் ஓரத்தில் பச்சை படியும். பின்னாலிருந்து வெயில் அடித்தால் துணி முழுக்க இளமஞ்சளாகிவிடும். நீர்வண்ணத்தில் வெள்ளை என்பது பூசாமல் விட்ட காகிதம்தான். எங்கே விடுவது என்று முதல் தூரிகை படும் முன்பே முடிவு செய்துவிட வேண்டும். அந்தக் கட்டாயம் எனக்குப் பிடிக்கிறது.

அதற்கு முன்பு கோலாலம்பூரில் வேறு சிலரோடு சேர்ந்து வைத்தவை பழைய ஃபெர்ரிப் படங்கள். எதிர்க்கரையான பட்டர்வொர்த்துக்கும் பினாங்குத் தீவுக்கும் இடையே ஓடிய அந்த இரண்டடுக்கு ஃபெர்ரிகள் 2020 முடிவோடு பயணிகளை ஏற்றுவதை நிறுத்திவிட்டன. முன்பே போட்டு வைத்திருந்த கோட்டோவியங்களிலிருந்துதான் அவற்றை வரைந்தேன்.

நம்ம ஆளுங்க யாராவது இந்த நாட்டுல பெரிய ஓவியரா இருக்காங்களா?

இருக்கிறார்கள். சையத் தாஜுதீன் 1943-இல் தமிழ்நாட்டில் பிறந்து, சிறு வயதில் பினாங்கு வந்து, பிறகு சென்னை அரசு கலைக் கல்லூரியில் படித்தவர். 1970-களின் தொடக்கத்திலேயே ராமாயணத்தை மிகப் பெரிய அளவில் வரைந்தார். 1965-இல் பிறந்த அனுரேந்திரா ஜெகதேவா நம் குடியேற்றக் கதையையும் குடும்பங்களையும் நாட்டு அரசியலையும் ஒரே படத்துக்குள் கொண்டுவருபவர். பிள்ளைகளுக்கு இந்த இரண்டு பெயர்களையாவது சொல்லிக்கொடுங்கள்.

பினாங்கைப் பொறுத்தவரை இன மதம் பாராமல் இன்னும் சிலரைச் சொல்ல வேண்டும். யோங் முன் சென் (1896–1962), அப்துல்லா அரிஃப் (1904–1962) இருவரும் நீர்வண்ணத்தில் இந்தத் தீவின் கடற்கரையையும் கம்பத்தையும் (கிராமத்தையும்) வரைந்தவர்கள். மெழுகும் சாயமும் கொண்டு செய்யும் பாத்தேக்கை ஓவியமாக்கி உலகத்துக்குக் காட்டிய சுவா தியென் தெங் இங்கேதான் வாழ்ந்தார், 2008-இல் காலமானார். இவர்கள் எல்லோருக்கும் பிறகு வந்த இடத்தில்தான் நாங்கள் நிற்கிறோம்.

ஒரு படத்துக்கு விலை எப்படிப் போடுறீங்க?

அளவை வைத்துத்தான். என் மனநிலையை வைத்தோ, வாங்குபவரின் காரை வைத்தோ விலை மாறாது. பல ஓவியர்கள் சதுர அங்குலத்துக்கு ஒரு தொகை வைத்திருப்பார்கள். உதாரணத்துக்குச் சதுர அங்குலத்துக்கு 4 வெள்ளி (ரிங்கிட்) என்று வையுங்கள். 20-க்கு 24 அங்குலப் படம் 480 சதுர அங்குலம், ஆக 1,920 வெள்ளி. இது கணக்கைக் காட்டச் சொன்ன எண்தான். ஒவ்வொருவரின் அனுபவத்துக்கும் ஏற்ப அந்தத் தொகை கூடும், குறையும். எண்ணெய் வண்ணத்துக்கு ஒன்று, காகிதத்தில் வரைந்ததற்கு ஒன்று என்று வேறுபடும். சட்டம் (ஃபிரேம்) போடும் செலவு தனி.

கேலரிக்காரங்க பாதி எடுத்துக்கிறாங்களாமே? நேரா உங்ககிட்ட வாங்கினா குறையுமா?

பொதுவாக 30 முதல் 50 விழுக்காடு வரை எடுப்பார்கள். 2,000 வெள்ளிப் படத்தில் 40 விழுக்காடு போனால் எனக்கு வருவது 1,200. அதில்தான் வண்ணமும் போக்குவரத்தும் அடங்கும். இதைக் கேட்டதும் பலர் கோபப்படுகிறார்கள். ஆனால் ஒழுங்காக நடத்தும் கூடம் வாடகை, விளக்கு, காப்புறுதி, திறப்புவிழா எல்லாவற்றையும் ஏற்கிறது. எனக்குத் தெரியாத ஆட்களை என் படத்தின் முன் கொண்டுவந்து நிறுத்துகிறது. அது வேலைதான், அதற்குக் கூலி உண்டு.

நேராக வாங்கினாலும் விலை அதேதான். கூடத்தில் ஒரு விலை, மாடியில் ஒரு விலை என்று வைத்தால் அங்கே முழு விலை கொடுத்தவரை நான் ஏமாற்றியதாக ஆகிவிடும். தவணையில் கொடுக்க முடியுமா என்று கேளுங்கள், அதற்கு எப்போதும் இடம் உண்டு.

எனக்குக் கோடுகூட நேரா வராது. இந்த வயசுல கத்துக்க முடியுமா?

முடியும். கோடு நேராக வருவது கைப்பழக்கம், சில மாதங்களில் வந்துவிடும். கஷ்டமான பகுதி பார்ப்பது. ஒரு கோப்பையை வரையச் சொன்னால் எல்லோரும் தெரிந்த கோப்பையை வரைவார்கள், எதிரே இருக்கும் கோப்பையைப் பார்ப்பதில்லை. அதனால் பெரியவர்களுக்கு முதல் சில வகுப்புகளில் வண்ணமே கிடையாது. பென்சிலும், ஒரு விளக்கு வெளிச்சத்தில் ஒரு பொருளும் மட்டும்தான். பணி ஓய்வு பெற்றவர்கள் இதில் நன்றாக வருகிறார்கள், அவர்களுக்கு அவசரம் இல்லை.

பிள்ளையை எத்தனை வயசுல சேர்க்கலாம்? கலரிங் போட்டியில ஜெயிக்கிற மாதிரி சொல்லித் தருவீங்களா டீச்சர்?

ஏழு வயதுக்கு மேல் எடுக்கிறேன். அதற்குக் கீழே வீட்டில் காகிதமும் கிரேயானும் கொடுத்து விட்டுவிடுங்கள், போதும்.

போட்டிக்குப் பயிற்சி தருவதில்லை. ஒரே மீனையும் ஒரே சூரியனையும் ஆயில் பேஸ்டலில் ஓரத்திலிருந்து மங்கலாக்கும் வித்தையை மனப்பாடமாக்கிக் கொடுத்தால் பரிசு வரலாம். ஆனால் அந்தப் பிள்ளையை வெளியே உட்காரவைத்து எதிரே இருக்கும் மாமரத்தை வரையச் சொன்னால் கை நின்றுவிடுகிறது. அதைப் பார்க்க எனக்கு வருத்தமாக இருக்கிறது. போட்டிக்கு அனுப்புங்கள், நான் தடுக்கவில்லை. பிள்ளை தானே யோசித்து வரைந்ததை அனுப்புங்கள்.

முதல்ல என்ன வாங்கணும்? எல்லாம் சேர்த்து ரொம்ப செலவாகுமா?

பள்ளிப் பிள்ளைக்கு பன்சோ போஸ்டர் கலரே போதும், நாங்களும் அதில்தான் தொடங்கினோம். நீர்வண்ணம் தொடங்கும் பெரியவர்கள் வண்ணத்தில் மிச்சம் பிடிக்கலாம், காகிதத்தில் பிடிக்க வேண்டாம். 300 ஜி.எஸ்.எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம்) கனமுள்ள நீர்வண்ணக் காகிதம் வாங்குங்கள். மெல்லிய காகிதம் தண்ணீர் பட்டதும் அலை அலையாக வளைந்துவிடும், தப்பு உங்கள் கையில் என்று நினைத்துக்கொள்வீர்கள். நடுத்தரமான ஒரு வட்டத் தூரிகை, பெரிய தட்டைத் தூரிகை ஒன்று, ஆறு வண்ணங்கள். கறுப்பு வேண்டாம், ஏன் என்பது கீழே அப்பா படம் பற்றிய பதிலில் வருகிறது.

பிள்ளைகளுக்கு எண்ணெய் வண்ணம் சொல்லித் தருவதில்லை. டர்பன்டைன் ஆவி காற்றோட்டமில்லாத அறையில் நல்லதல்ல. சில சிவப்பு, மஞ்சள் வண்ணங்களில் உள்ள காட்மியம் உடலுக்குள் போகக்கூடாத பொருள்.

எஸ்.பி.எம்-ல கலை எடுத்தா பிரயோஜனம் இருக்கா?

எஸ்.பி.எம் என்ற பள்ளி இறுதித் தேர்வுக்குப் பிள்ளைக்கு விருப்பம் இருந்தால் எடுக்கட்டும். காட்சிக்கலையில் தேர்வு எழுதுவதோடு, யோசனை எப்படி வளர்ந்தது என்பதைத் தொகுப்பாகக் காட்டவும் பழக வேண்டும். அந்தப் பழக்கம் கட்டடக்கலை, விளம்பரம், ஆடை வடிவமைப்பு எல்லாவற்றுக்கும் உதவும். பினாங்கிலேயே யுஎஸ்எம் பல்கலைக்கழகத்தில் கலைப் பிரிவு இருக்கிறது. படம் விற்றே வாழலாமா என்று கேட்டால், என்னைப் போன்ற பலருக்கு வகுப்பு, ஆர்டர், கண்காட்சி மூன்றும் சேர்ந்துதான் வருமானம். இதைப் பிள்ளையிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

அப்பா தவறிட்டாரு. அவரோட ஐசி படம் மட்டும்தான் இருக்கு. அதை வெச்சு வரைய முடியுமா?

எனக்கு வரும் ஆர்டர்களில் இதுதான் அதிகம். ஐசி, அதாவது அடையாள அட்டைப் படம் மட்டும் போதாது. அது மிகச் சிறியது, முகத்துக்கு நேராக வெளிச்சம் அடித்து எடுத்தது. மூக்கின் உயரம், கண்குழியின் ஆழம் எதுவும் அதில் தெரியாது. கேமராவுக்காக விறைத்து உட்கார்ந்த முகம் அது, வீட்டில் இருந்த முகம் வேறு. அதனால் முதலில் வீட்டில் தேடச் சொல்வேன். தங்கை கல்யாண ஆல்பத்தில் பந்தியில் உட்கார்ந்திருப்பார், தைப்பூசத்தில் தண்ணீர்மலை அடிவாரத்தில் யாருக்கோ பின்னால் நிற்பார், சங்கக் கூட்டத்துப் படத்தில் ஓரத்தில் இருப்பார். முகம் தெளிவில்லாத படமும் பயன்படும். தலையை எந்தப் பக்கம் சாய்ப்பார், தோள் எப்படி இறங்கியிருக்கும் என்பது அதில்தான் கிடைக்கும்.

அப்புறம் குடும்பத்தோடு உட்கார்ந்து பேசுவேன். கண்ணாடியை மூக்கின் நுனிக்கு இறக்கிப் பேப்பர் படிப்பாரா, விபூதி மூன்று விரலால் இழுப்பாரா ஒரு விரலால் கீற்றாகவா, சட்டை மேல் பட்டனைப் போடுவாரா. அவருடைய அண்ணனோ தம்பியோ இருந்தால் அவர் முகத்தையும் பார்க்கக் கேட்பேன். எலும்பின் அமைப்பு பெரும்பாலும் உடன்பிறந்தவர்களிடம் இருக்கும். பேசும்போது அம்மாவும் பிள்ளைகளும் வேறு வேறு மனிதரைச் சொல்வார்கள். எந்த வயது அப்பா வேண்டும் என்பதை நீங்கள் எல்லோரும் பேசி முடிவு செய்துவிட்டு வந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி.

16-ஆம் நாள் காரியத்துக்குள்ள கிடைக்குமா?

எண்ணெய் வண்ணத்தில் கிடைக்காது. அதிலுள்ள ஆளிவிதை எண்ணெய் தண்ணீர் மாதிரி ஆவியாகிக் காய்வதில்லை. காற்றிலுள்ள ஆக்சிஜனை ஏற்று மெல்ல இறுகுகிறது. ஒரு பூச்சு தொட்டால் ஒட்டாத நிலைக்கு வரவே பல நாள் ஆகலாம், மேல் பூச்சு வார்னிஷ் அடிக்க ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை பொறுக்க வேண்டும்.

அவசரம் என்றால் கரிக்கோலில் வரைந்து தருகிறேன். அக்ரிலிக் சிறிய அளவில் முடியும், அது சீக்கிரம் காய்ந்துவிடும். ஆனாலும் என் யோசனை வேறு. காரியத்துக்கு நல்ல புகைப்படம் ஒன்றைப் பெரிதாக்கி வையுங்கள். ஓவியத்தை ஆண்டுத் திதிக்கு வைத்துக்கொள்ளுங்கள். துக்கம் கொஞ்சம் அடங்கிய பிறகு பேசினால் நீங்கள் சொல்வதும் தெளிவாக இருக்கும், வரைவதும் நன்றாக வரும்.

கொஞ்சம் வெளுப்பா வரைஞ்சு கொடுங்களேன்? அப்பா வெயில்ல வேலை செஞ்சு கறுத்துட்டாரு.

இந்தக் கேள்வியை அன்பினால்தான் கேட்கிறார்கள், தெரியும். இருந்தாலும் நான் வெளுக்க மாட்டேன். நிறத்தை மாற்றினால் சாயல் போய்விடும், மாட்டிய மறுநாள் அம்மாவே "இது அவர் இல்லையே" என்பார். பழைய ஸ்டூடியோக்களில் விளக்கைக் கூட்டி எல்லோரையும் வெளுப்பாக்கிய பழக்கம் நம் கண்ணைக் கெடுத்து வைத்திருக்கிறது.

கறுத்த தோலை வரைவது எனக்கு வேலையிலேயே பிடித்த பகுதி. கறுப்பு வண்ணத்தைத் தொடுவதே இல்லை. செம்பழுப்பான பர்ன்ட் சியன்னாவும் அல்ட்ராமரின் நீலமும் கலந்தால் ஆழமான, உயிருள்ள கருமை வரும். நீலத்தைக் கூட்டினால் நிழல் குளிரும், சியன்னாவைக் கூட்டினால் கன்னம் சூடேறும். நெற்றியிலும் மூக்கின் மேலும் ஒளி படும் இடத்தில் வானத்தின் நீலம் லேசாகத் தெரியும். அதற்கு வெள்ளையை அள்ளிப் போட்டால் முகம் சாம்பல் பூசியதாகிவிடும். ஓக்கர் மஞ்சளோடு சேர்த்துக் கொஞ்சமாகத்தான் போட வேண்டும். வெயிலில் உழைத்த முகத்தில் கழுத்து ஒரு நிறம், நெற்றி ஒரு நிறம், சட்டைக் கைக்குக் கீழே ஒரு நிறம். அதை அப்படியே வரைந்து முடித்துக் காட்டும்போது இதுவரை யாரும் மறுபடி வெளுக்கச் சொன்னதில்லை.

முன்பணம் எவ்வளவு? வரைஞ்சு முடிச்சப்புறம் பிடிக்கலன்னா?

மூன்று தவணை. பேசி முடித்ததும் ஒரு பங்கு, பென்சில் வரைவைப் பார்த்துச் சரி என்ற பிறகு ஒரு பங்கு, படத்தை எடுக்கும்போது மீதி. முகம் சாயல் இல்லை, கை இருக்கும் விதம் பிடிக்கவில்லை என்பதெல்லாம் பென்சில் கட்டத்தில் சொல்லிவிட வேண்டும். அப்போது எத்தனை முறை மாற்றச் சொன்னாலும் மாற்றுவேன். வண்ணம் போட்ட பிறகு சிறு திருத்தங்கள் செய்யலாம், பின்னணியை முழுதாக மாற்றுவதோ புதிதாக ஓர் ஆளைச் சேர்ப்பதோ தனி வேலை, தனிக் கட்டணம்.

எல்லாவற்றையும் ஒரு பக்கத் தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுவோம். சொந்தக்காரர்களுக்கு வரைந்தாலும் தாள் உண்டு. சொந்தம் கெடாமல் இருக்கத்தான் அது.

சாமி படம் வரைவீங்களா? கோயில் சுவருக்கு?

வீட்டு ஹாலுக்கு வரைவேன். முருகன், அம்மன், கிருஷ்ணன் என்று நிறையக் கேட்கிறார்கள். நம் கண்ணில் பதிந்திருக்கும் சாமி முகம் பெரும்பாலும் ரவி வர்மா (1848–1906) தன் அச்சகத்திலிருந்து பரப்பிய படங்களின் வழியில் வந்தது. அந்த அச்சகம் 1894-இல் பம்பாயில் தொடங்கியது. அதே முகம்தான் வேண்டும் என்றால் காலண்டரே நன்றாக இருக்கும். என் கையால் வேண்டும் என்பவர்களுக்கு வரைகிறேன். கையெழுத்தை மட்டும் பின்பக்கம் போடுகிறேன், பூசைக்கு வைக்கிற படத்தில் என் பெயர் முன்னால் இருக்க வேண்டியதில்லை.

கோயில் வேலையை எடுப்பதில்லை. அதற்கு ஆகம முறையும் அளவும் தெரிந்த ஸ்தபதிகள் இருக்கிறார்கள். தஞ்சாவூர் ஓவியமும் அப்படியே. சுண்ணப் பொடியும் பசையும் வைத்து மேடு எழுப்பி, தங்க இலை ஒட்டிச் செய்வது தனிக் கைத்தொழில், அதில் பழகியவரிடம் கொடுங்கள்.

அப்பா படத்துக்குப் பொட்டு வைக்கலாமா? மாலை போடலாமா?

கண்டிப்பாக, ஆனால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். புகைப்படத்தில் கண்ணாடி இருக்கிறது, அதன்மேல் சந்தனமும் குங்குமமும் வைத்துத் துடைத்துவிடலாம். கேன்வாஸ் படத்துக்குப் பொதுவாகக் கண்ணாடி போடுவதில்லை. நேராகப் பொட்டு வைத்தால் கறை வண்ணத்தில் ஊறிவிடும். பூசை செய்யப்போகும் படம் என்றால் நான் கண்ணாடி போட்டே தருவேன். கண்ணாடிக்கும் படத்துக்கும் நடுவே சின்ன இடைவெளி இருக்கும்படி சட்டத்தைச் செய்யச் சொல்வேன், இல்லாவிட்டால் ஈரத்தில் வண்ணம் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும். மாலைக்குச் சட்டத்துக்கு மேலே சுவரில் தனி ஆணி அடியுங்கள். குத்துவிளக்கும் சாம்பிராணியும் நேர் கீழே வேண்டாம், எண்ணெய்ப் புகை மெல்ல மெல்லப் படிந்து முகத்தை மங்கலாக்கும்.

படத்துல வெள்ளை வெள்ளையா பூஞ்சை பிடிச்சிருக்கு. ஈரத்துணியால துடைக்கலாமா?

ஈரத்துணி வேண்டாம், குளோராக்ஸ் மாதிரி ப்ளீச்சும் வேண்டாம், வெயிலில் காயவைப்பதும் வேண்டாம். ஈரம் இருந்தால்தான் பூஞ்சை வளரும். படத்தைத் தனியே எடுத்துக் காற்றோட்டமான நிழலில் வைத்து நன்றாகக் காயவிடுங்கள். பிறகு வீட்டுக்கு வெளியே, முகக்கவசம் போட்டுக்கொண்டு, மென்மையான உலர்ந்த பிரஷால் தட்டிவிடுங்கள். நீர்வண்ணத்தில் பழுப்புப் புள்ளிகள் விழுந்திருந்தால் தொடாமல் பழுதுபார்ப்பவரிடம் காட்டுங்கள்.

வராமல் தடுப்பது எளிது. வெளிச்சுவரில், அதுவும் மழைச்சாரல் அடிக்கும் பக்கத்துச் சுவரில் மாட்டாதீர்கள். சட்டத்தின் பின்னால் நான்கு மூலையிலும் சிறு கார்க் துண்டு ஒட்டி, சுவருக்கும் படத்துக்கும் நடுவே காற்றுப் போக விடுங்கள். இந்தத் தீவின் ஈரக் காற்றில் இந்தச் சின்ன இடைவெளியே பெரிய பாதுகாப்பு.

எங்க கடைச் சுவர்ல பெரிய படம் வரையணும். உடனே தொடங்கிடலாமா?

2012-இல் எர்னெஸ்ட் சகாரெவிச் ஆர்மினியன் தெருவில் சைக்கிள் பிள்ளைகளை வரைந்த பிறகு எல்லோருக்கும் சுவரோவியம் வேண்டும். கட்டட உரிமையாளரின் எழுத்து அனுமதி முதலில். வாடகைக்கு இருப்பவர் சொன்னால் போதாது. ஜார்ஜ் டவுனின் பழைய பகுதி 2008 முதல் யுனெஸ்கோ மரபிடம், அங்கே மாநகராட்சியின் அனுமதி இல்லாமல் தூரிகையை எடுக்க மாட்டேன்.

சுவரையும் பார்க்க வேண்டும். பழைய கடைவீடுகள் செங்கல்லும் சுண்ணாம்புப் பூச்சும் கொண்டவை. தரையிலிருந்து ஏறும் ஈரம் அந்தச் சுண்ணாம்பின் வழியாகத்தான் வெளியேறுகிறது. மேலே பிளாஸ்டிக் தன்மையுள்ள பெயின்டைப் பூசினால் ஈரம் உள்ளேயே சிக்கி, உப்புப் பூத்து, படம் பூச்சோடு பெயர்ந்து விழும். அப்படிப்பட்ட சுவர் என்றால் பலகையில் வரைந்து மாட்டிக்கொள்வோம் என்று சொல்லிவிடுவேன்.

நான் காசு கொடுத்து வரையச் சொன்ன படம். அதை போஸ்டர், டி-சர்ட்ல போட்டுக்கலாமா? உரிமை யாருக்கு?

இதில் ஓவியர்களே குழம்புகிறார்கள். கண்காட்சியில் நீங்கள் வாங்கும் படம் ஏற்கெனவே வரைந்து முடித்தது. பொருள் உங்களுடையது, அதைப் பிரதி எடுக்கும் உரிமை ஓவியரிடமே இருக்கும். அது அவர் வாழ்நாளும் அதற்குப் பின் 50 ஆண்டுகளும் நீடிக்கும். ஆர்டர் கொடுத்து வரைய வைத்த படம் வேறு. மலேசியாவின் 1987-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 26-ஆவது பிரிவின்படி, அப்படிப்பட்ட படைப்பின் பதிப்புரிமை ஆர்டர் கொடுத்தவருக்கு மாறியதாகவே கருதப்படும். இருவரும் வேறு மாதிரி ஒப்புக்கொண்டிருந்தால் அந்த ஒப்பந்தம் செல்லும். ஆக, எதுவும் எழுதாமல் விட்டால் உரிமை உங்களுக்குத்தான். இளம் ஓவியர்கள் இந்த வரியை இரண்டு முறை படியுங்கள்.

என் தாளில் நான் எழுதுவது இது: பதிப்புரிமை என்னிடம் இருக்கும். குடும்பம் அந்தப் படத்தைத் தமிழ் நாளிதழ் நினைவஞ்சலியிலும் அழைப்பிதழிலும் வீட்டுக்குப் பிரதி எடுக்கவும் எப்போதும் பயன்படுத்தலாம். நான் அந்த முகத்தை உங்கள் சம்மதம் இல்லாமல் கண்காட்சியிலோ விளம்பரத்திலோ வைக்க மாட்டேன். வியாபாரத்துக்கு வேண்டுமென்றால், உதாரணமாகக் கடைப் பையில் அச்சடிக்க, உரிமையையும் சேர்த்தே விலை பேசுவோம். உரிமை யாரிடம் இருந்தாலும் ஓவியரின் பெயரை நீக்கி வேறு பெயர் போடுவதும், அவர் மதிப்புக் கெடும்படி படத்தைச் சிதைப்பதும் கூடாது என்று அதே சட்டம் சொல்கிறது.

இன்டர்நெட்ல ஒரு போட்டோ பார்த்தேன், அதைப் பார்த்து வரைஞ்சு கொடுங்க?

அந்தப் புகைப்படமும் ஒருவரின் படைப்பு. எடுத்தவரின் அனுமதி இல்லாமல் அதை அப்படியே ஓவியமாக்கி விற்க மாட்டேன். நீங்கள் காசு கொடுத்து அமர்த்திய கல்யாணப் புகைப்படக்காரர் எடுத்தது என்றால் மேலே சொன்ன அதே பிரிவு உங்களுக்குச் சாதகமாக இருக்கும். அவரோடு கையெழுத்திட்ட தாளில் வேறு மாதிரி இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். வகுப்பில் பழகுவதற்காக எதையும் பார்த்து வரையலாம். அதைத் தன் சொந்தப் படைப்பு என்று போட்டிக்கு அனுப்பக்கூடாது, அது என் படமாக இருந்தாலும் சரி.

ஏஐ-ல போட்டா ஒரு நிமிஷத்துல அப்பா படம் வந்துடுது. உங்களுக்கு ஏன் இவ்வளவு கொடுக்கணும்?

அதில் வருவது உங்களுக்குப் போதும் என்றால் அதையே வையுங்கள். ஐசி படத்தில் இல்லாதது எது என்று முன்பே சொன்னேன். அந்த இடங்களை மென்பொருள் வேறு ஆயிரம் முகங்களிலிருந்து ஊகித்து நிரப்பும், உங்கள் பெரியப்பாவின் முகத்தைப் பார்க்கப் போகாது. அப்படி வந்த படங்களைச் சிலர் என்னிடம் கொண்டுவந்திருக்கிறார்கள். பல் வரிசையாகிவிட்டது, தோல் வழவழப்பாகிவிட்டது, நிறமும் கேட்காமலேயே வெளுத்துவிட்டது. அதை மாதிரியாக வைத்து வரையச் சொன்னால் மறுத்துவிடுவேன், பழைய மங்கலான புகைப்படத்தைக் கொடுங்கள்.

நாங்க நாலு பேரு. அம்மா வீட்டுல இருக்கிற அந்த ஒரே படம் எல்லாருக்கும் வேணும். அதே மாதிரி இன்னும் மூணு வரைஞ்சு தருவீங்களா?

அதே படத்தை அச்சு அசலாக மறுபடி வரைய மாட்டேன். இரண்டாவது முறை பார்த்து வரைவது முகத்தை இல்லை, முதல் படத்தை. அது விறைத்துப்போகும். இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, மூலப்படத்தைச் சரியான வெளிச்சத்தில் படமெடுத்துப் பருத்திக் காகிதத்தில் நல்ல மையால் அச்சிட்டுத் தருவது. செலவு குறைவு, வீட்டுக்கு மேற்சொன்ன தாளின்படி உரிமையும் உண்டு. ஆனால் பின்புறம் 'பிரதி' என்று எழுதித்தான் தருவேன், நாளைக்குப் பேரப்பிள்ளைகளுக்கு எது மூலம் என்ற குழப்பம் வரக்கூடாது.

இன்னொன்று, ஒவ்வொருவருக்கும் வேறு வேறு அப்பா. மூத்தவருக்கு வேலைக்குப் போன வயதில், கடைசித் தங்கைக்கு அவள் கல்யாணத்தில் இருந்த மாதிரி. அதற்கு நால்வரிடமும் தனித்தனியாகப் பேச வேண்டும், பழைய படங்களையும் ஆளுக்கொன்றாகத் தேடிக் கொண்டுவர வேண்டும். அம்மா வீட்டில் இருக்கும் மூலப்படம் பின்னாளில் யாருக்கு என்பதையும் அம்மா இருக்கும்போதே கேட்டு எழுதி வைத்துவிடுங்கள். அந்தத் தாளின் ஒரு பிரதியைச் சட்டத்தின் பின்னால் ஒரு உறையில் போட்டு ஒட்டித் தருகிறேன், அதற்குக் கட்டணம் இல்லை.